முப்பது காதமும் நான்கு கிலோமீட்டரும்: சிங்கப்பூரில் தமிழரின் வழிநடை

1. கேள்வி

தை மாதப் பூச நாளில், சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை அடியார்கள் காவடியும் பால்குடமும் சுமந்து நடக்கின்றனர். தொலைவு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். வெறுங்கையோடு நடப்பவர் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தொலைவுதான். பெருங்காவடி சுமப்போர்க்கு அது பல மணி நேர நடை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புனிதத் தலத்துக்கு நடந்து செல்வதென்றால் அது நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீளும் பயணம். அங்கே ஊர் விட்டு ஊர் கடந்து, இரவில் வழியில் தங்கி, காலில் கொப்புளம் கண்டு, உடன்வருவோரோடு உணவைப் பகிர்ந்து செல்கின்றனர்.

இவ்விரண்டும் ஒரே மரபைச் சேர்ந்தவையா? நான்கு கிலோமீட்டருக்குள் நெடுவழிப் பயணம் அடங்குமா? அடங்குமென்றால், கடல் கடந்து வந்தபோது அதில் எது சுருங்கியது, எது சுருங்காமல் நின்றது? இப்பொழிவில் நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுவே. சமய நம்பிக்கையின் மெய்ம்மை பற்றிய ஆராய்ச்சி நம் வரம்பிற்கு அப்பாற்பட்டது. நாம் பார்க்க விரும்புவது மனிதர் சேர்ந்து நடந்த வரலாற்றையும், அந்த நடையில் மொழி பெற்ற இடத்தையும்தான்.

2. வழி, ஆறு, நடை

முதலில் சொற்களைப் பார்ப்போம். இறைவனைத் தொழுவதைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பொதுச்சொல் 'வழிபாடு'. வழிபடுதல் என்பதற்கு ஒருவர் சென்ற வழியே தாமும் செல்லுதல், பின்பற்றுதல் என்பது பொருள். தொல்காப்பியத்திலேயே இச்சொல் தெய்வத்தோடு சேர்ந்து வருகிறது. 'நெறி', 'ஆறு' ஆகியவையும் நிலத்தின் மேலுள்ள பாதையைக் குறித்து, பின்னர் வாழ்வின் ஒழுக்கத்தையும் குறித்தன.

'நடை' என்னும் சொல்லோ இன்னும் விரிந்தது. காலால் செல்லுதல் நடை. ஒருவரது ஒழுக்கம் நடை. எழுதும் பாங்கு நடை. அதனால்தான் 'உரைநடை' என்கிறோம். 'ஒரு நடை போய் வா' என்னும்போது அது ஒருமுறை போய்வருவதைக் குறிக்கும். கோயிலின் நடை திறந்தது என்னும்போது வாயிலைக் குறிக்கும். நடத்தலும் ஒழுகுதலும் மொழிதலும் தொழுதலும் ஒரு சொல்லுக்குள் கூடியிருப்பதை மாணவர்கள் கருத வேண்டும்.

இலக்கியமும் இதற்குச் சான்று கூறுகிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிர்ப்படும் மற்றொரு கலைஞருக்குத் தாம் வந்த வழியைச் சொல்லி ஆற்றுப்படுத்துவது அதன் அமைப்பு. அவற்றுள் நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படை, வள்ளலுக்குப் பதிலாக முருகனிடம் வழிப்படுத்துகிறது. அது பின்னர்ச் சைவத் திருமுறைகளில் பதினொன்றாவதிலும் சேர்க்கப்பட்டது. முருகனை நோக்கி நடப்பவர்க்கு முன்னே நடந்தவர் வழிகூறும் மரபு, இவ்வாறு தமிழின் மிகப் பழைய இலக்கிய வகைகளுள் ஒன்றாக நிலைபெற்றது.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கின்றனர். புறப்பட்டுச் சிறிது தொலைவு சென்றதுமே களைத்துப்போன கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதம் என்பது கோவலனின் விடை. காதத்தின் அளவு இடந்தோறும் காலந்தோறும் வேறுபட்டது. ஆயினும் அந்த விடையிலுள்ள மலைப்பு இன்றும் நமக்குப் புரிகிறது. அப்பயணம் புனிதப் பயணமன்று. எனினும் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி வழித்துணையாக வந்து சேர்ந்ததும் அதன் இயல்பு மாறுகிறது. நெடுவழி என்பது தொலைவால் மட்டும் ஆவதன்று, துணையாலும் ஆவது என்பதை இளங்கோவடிகளின் காப்பியமே காட்டுகிறது.

பிற்காலத்தில் 'வழிநடைச் சிந்து' என்றொரு பாட்டு வகை தோன்றியது. நடந்து செல்லும்போது களைப்புத் தெரியாமலிருக்க, வழியிலுள்ள ஊர்களையும் சோலைகளையும் கோயில்களையும் உடன்வருவோருக்குச் சொல்லிச் செல்லும் பாட்டு அது. அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) கழுகுமலை முருகன் மீது பாடிய காவடிச்சிந்தும் காவடி சுமந்து நடப்போரின் தாளத்தோடு பிறந்ததே. அடியெடுத்து வைக்கும் காலின் சந்தம் செய்யுளின் அடியாகவும் ஆனது.

3. உப்பு வழியும் பழனி வழியும்

முருகனை நோக்கிய நெடுநடைகளுள் சிங்கப்பூரோடு நேரான தொடர்புடையது நகரத்தாரின் பழனி நடை. அதன் தொடக்கம் வணிகத்தில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் நகரத்தார் உப்பு வணிகத்துக்காகப் பழனிப் பகுதிக்குச் சென்றனர். தம் வணிக ஆதாயத்தில் ஒரு பங்கைப் பழனி முருகனுக்கு 'மகமை'யாக ஒதுக்கினர். அறப்பட்டயங்கள் எனப்படும் பழைய ஆவணங்கள் இச்செய்திகளைத் தாங்கியுள்ளன. அமெரிக்க மானிடவியலறிஞர் டேவிட் ரட்னர் இவ்வாவணங்களைக் கொண்டு, கோயிற்கொடையும் உள்நாட்டு வணிகமும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்த முறையை 1980களில் விளக்கினார். வணிகர் சென்ற வழியே அடியார் செல்லும் வழியாகவும் ஆயிற்று. சங்கப் பாடல்களில் உப்பு வண்டிகளோடு நெடுவழி சென்ற உமணர்களை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

இன்றும் ஆண்டுதோறும் தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனியை அடைகின்றன. வழியில் எங்கே தங்குவது, எங்கே உண்பது என்பன மரபால் வரையறுக்கப்பட்டவை. பழனியில் வழிபட்ட பின் காவடியோடு நடந்தே ஊர் திரும்பும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. போன வழியை மறுபடி நடந்து முடித்தால்தான் பயணம் நிறைவுறும் என்பது அதிலுள்ள கருத்து.

காவடி என்னும் சொல்லையும் இங்கே நோக்கலாம். 'கா' என்பது இரு புறமும் சுமை தொங்கத் தோளில் வைத்துச் செல்லும் தண்டு. சங்க இலக்கியத்தில் பாணர் தம் இசைக்கருவிகளைக் காவில் கட்டிச் சுமந்து நெடுவழி நடக்கின்றனர். அந்தப் பழஞ்சொல்லின் வழியில் வந்ததே காவடி. 'காவு தடி' எனப் பிரித்துக் காட்டுவாரும் உண்டு. எனவே காவடி முதலில் வழிபாட்டுப் பொருளாக இருக்கவில்லை. நெடுந்தொலைவு நடப்பவரின் சுமைதூக்கும் கருவியாக இருந்தது. இன்று மயிற்பீலியும் மலரும் உலோக வேலைப்பாடும் கொண்டு அது எவ்வளவு உயர்ந்து நின்றாலும், அதன் பெயர் ஒரு வழிப்போக்கனின் தோளை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. நான்கு கிலோமீட்டர் நடைக்குள் நெடுவழி ஒளிந்திருக்கும் முதல் இடம் இதுதான்.

4. செட்டித் தெருவிலிருந்து டேங்க் ரோடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்கு வந்த நகரத்தார், ஆற்றங்கரை வணிகப் பகுதியான மார்க்கெட் ஸ்திரீட்டில் தம் கிட்டங்கிகளை அமைத்தனர். தமிழர் அத்தெருவைச் செட்டித் தெரு என்றே வழங்கினர். கிட்டங்கி என்பது வணிகமும் கணக்கும் தங்கலும் ஒரே கூரையின்கீழ் நடந்த இடம். பகலில் தரையில் பெட்டி வைத்துக் கணக்கெழுதுவோர், இரவில் அவ்விடத்திலேயே பாய் விரித்து உறங்குவர். வழிநடையில் விடுதி எதுவோ, அதுவே கடல்வழி வந்தவர்க்குக் கிட்டங்கி.

அவர்கள் 1859ஆம் ஆண்டில் டேங்க் ரோட்டில் முருகனுக்குக் கோயில் எழுப்பினர். தெண்டாயுதபாணி என்பது கையில் தண்டேந்தி நிற்கும் பழனியாண்டவனின் திருப்பெயர். ஆகவே, பழனிக்கு நடந்த சமூகம், தான் நடக்க முடியாத தொலைவுக்குக் கடல் கடந்து வந்தபோது, நடந்துசெல்லக்கூடிய தொலைவில் ஒரு பழனியை அமைத்துக்கொண்டது எனலாம். அக்கோயில் 1983இல் புதிதாக எழுப்பப்பட்டுக் குடமுழுக்குக் கண்டது. 2014இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

தைப்பூசத்துக்கு முந்திய நாளான புனர்பூசத்தன்று முருகன் வெள்ளி ரதத்தில் எழுந்தருளி, கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் செல்வதும், பகற்பொழுதை அங்கே கழித்து மாலையில் டேங்க் ரோடு திரும்புவதும் நகரத்தார் போற்றிவரும் மரபு. ஓரிடத்திலிருந்து புறப்படுதல், இடைவழியில் தங்குதல், மீண்டும் புறப்பட்ட இடத்தை அடைதல் என்னும் பழனி நடையின் அமைப்பு இந்த ஒரு நாளுக்குள் சுருக்கமாக நிகழ்ந்து முடிகிறது. மார்க்கெட் ஸ்திரீட்டின் பழைய கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்துவிட்டன. அவ்விடங்களில் இன்று வங்கிகளும் அலுவலக மாடங்களும் நிற்கின்றன. கட்டடங்கள் போன பின்னும் நடை மட்டும் ஆண்டுதோறும் நிகழ்கிறது.

மொழி வரலாற்றிலும் இக்கோயிலுக்கு இடமுண்டு. யாழ்ப்பாணத்து வண்ணையைச் சேர்ந்த சதாசிவ பண்டிதர் 1887இல் வெளியிட்ட சிங்கைநகர் அந்தாதி, டேங்க் ரோடு முருகன் மீது பாடப்பட்டது. சிங்கப்பூரில் தோன்றி இன்று நமக்குக் கிடைக்கும் தமிழ் இலக்கிய நூல்களுள் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று. அதே 1887ஆம் ஆண்டில்தான் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கினார். 1893இல் ரங்கசாமி தாசன் 'அதிவிநோதக் குதிரைப் பந்தய லாவணி' என்னும் நூலை இயற்றினார். சிங்கப்பூரின் குதிரைப் பந்தயத் திடல் அப்போது சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியில் இருந்தது. பந்தயம் காணச் செல்லும் வழியின் நகர்க்காட்சிகளைப் பாடும் இந்நூல், வழிநடைச் சிந்தின் உறவு கொண்டது. கோயிலுக்கானாலும் குதிரைப் பந்தயத்துக்கானாலும், புதிய ஊரின் தெருக்களைத் தமிழர் முதலில் நடந்து அறிந்தனர்; நடந்ததைத் தமிழில் பாடினர்.

5. சிராங்கூன் சாலை நடை

தைப்பூச நாளின் நடை, சாதி, வணிக எல்லைகளைத் தாண்டி எல்லாருக்கும் உரியதாக வளர்ந்தது. துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் நகராட்சிப் பணியிலும் உழைத்தோரின் வழித்தோன்றல்களும், அண்மையில் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தோரும், முருகன்பால் நம்பிக்கை கொண்ட சீனர்களும் அதில் கலந்துகொள்கின்றனர். புறப்படும் இடம் பெருமாள் கோயிலாக இருப்பது வெளியார்க்குப் புதிராகத் தோன்றலாம். முருகன் திருமாலின் மருகன் என்னும் தமிழ் மரபை அறிந்தோர்க்கு அதில் புதிரில்லை. மாமன் வீட்டிலிருந்து புறப்பட்டு மருமகன் வீட்டுக்குச் செல்கின்றனர்.

வழி, காலத்துக்குக் காலம் சிறு மாற்றங்களோடு, சிராங்கூன் சாலை, சிலிகி சாலை, தோபி காட், கிளமென்சோ அவென்யூ எனச் சென்று டேங்க் ரோட்டை அடைகிறது. இப்பெயர்களில் பல மொழிகள் அடுக்கடுக்காக உள்ளன. சிராங்கூன் மலாய்ப் பறவைப் பெயரிலிருந்து வந்தது என்பர். வழியை ஒட்டிய தேக்கா, மூங்கிற்புதரின் அடி எனப் பொருள்படும் ஹொக்கியன் தொடரின் மரூஉ. தோபி காட், சலவைத் தொழிலாளர் துறையைக் குறிக்கும் இந்தித் தொடர். கிளமென்சோ 1920இல் சிங்கப்பூருக்கு வருகைதந்த பிரெஞ்சு அரசியல் தலைவர். டேங்க் ரோடு ஆங்கிலம். ஆக, காவடி சுமந்தவர் நான்கு கிலோமீட்டருக்குள் ஐந்து மொழிகளின் ஊடே நடக்கிறார். பழனி வழியில் ஊர்கள் மாறும். இங்கே பெயர்களின் மொழி மாறுகிறது.

இந்தப் பன்மொழிச் சாலையின் நடுவே நடப்போர் வாயில் வழங்கும் சொற்களைக் கேளுங்கள்: நேர்த்திக்கடன், விரதம், அலகு, வேல், காவடி, பால்குடம், தண்ணீர்ப்பந்தல், அன்னதானம், அரோகரா. இவற்றுள் ஒன்றிரண்டை விரித்துச் சொல்லலாம்.

'நேர்த்திக்கடன்' என்பது நேர்ந்துகொண்டதைக் கடனாகக் கருதித் தீர்ப்பது. மகன் பிழைத்தெழுந்தால், தாயின் நோய் தீர்ந்தால், வேலை கிடைத்தால் எனத் தம் துயரத்தின் நடுவில் ஒருவர் கொடுத்த சொல் அது. பிறர் அறியாமல் மனத்துக்குள் கொடுத்த சொல்லைப் பலர் அறிய நடந்து தீர்ப்பதே காவடி. சொல்லைக் காப்பாற்றுதல் என்னும் தொடரின் நேர்ப்பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறு உண்டா என்று நாம் எண்ணுவதுண்டு.

'தண்ணீர்ப்பந்தல்' மற்றொன்று. வழிநடப்போர்க்கு நீரும் நிழலும் தரும் பந்தல் அமைப்பது தமிழரின் பழைய அறம். பெரியபுராணத்தில் அப்பூதியடிகள், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறார். தலந்தோறும் நடந்த நாவுக்கரசர், தம் பெயரை வழியிலுள்ள பந்தலில் கண்டே அவரைத் தேடிச் செல்கிறார். சிங்கப்பூரின் தைப்பூச வழியில் நீரும் மோரும் வழங்கும் பந்தல்கள் இம்மரபின் நீட்சி.

உடன்வருவோரையும் மறக்கலாகாது. காவடி எடுப்பவர் ஒருவராயின் அவரைச் சுற்றி வருவோர் பத்துப் பேர், இருபது பேர். ஒருவர் இளைப்பாற முக்காலியைத் தூக்கி வருவார்; ஒருவர் கால் சுடாமல் நீர் ஊற்றுவார். அக்காள், தங்கை, மாமா, அத்தை, பள்ளித்தோழர் எல்லாரும் அதில் அடங்குவர். ஒருவர் 'வெற்றிவேல்' என்றால் மற்றவர் 'வீரவேல்' என்பர். அழைப்பும் விடையுமாக அமைந்த இக்குரல் தமிழ் எழுத்தறியாத பிள்ளைக்கும் ஒரு நாளில் படிந்துவிடுகிறது. நெடுவழி நடையில் பல நாளாகத் திரளும் துணைமை, இங்கே சில மணி நேரத்தில் திரள்கிறது.

6. பிற வழிகள்

நம் நடையின் இயல்பை அறிய, பிற வழிகளோடு ஒப்பிடுவது உதவும். இலங்கையில் வடமுனையிலுள்ள தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகத் திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை கடந்து, யால காட்டின் ஊடே தென்முனைக் கதிர்காமத்தை அடையும் பாதயாத்திரை உண்டு. பல வாரங்கள் நடக்க வேண்டிய வழி அது. உடன் நடப்போர் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைப்பர். ஊரும் தொழிலும் அந்த விளியில் மறைந்துவிடுகின்றன. கதிர்காமத்தில் தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் கூடுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி அச்சத்தால் ஆங்கில அரசு அப்பயணத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உள்நாட்டுப் போர் வடக்கிலிருந்து வரும் வழியை அறுத்தது. நடப்பதற்கு வழியில்லாதபோதும் வழியின் பெயர்கள் மக்கள் நினைவில் இருந்ததால், மீண்டும் நடை தொடங்கியது.

மகாராட்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு வார்க்கரிகள் ஞானேசுவரரின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்தி, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மராத்திப் பாடல்களைப் பாடிக்கொண்டே நடக்கின்றனர். மானிடவியலறிஞர் இராவதி கார்வே அவர்களோடு நடந்து ஒரு கட்டுரை எழுதினார். எந்த நிலத்து மக்கள் பண்டரிபுரத்துக்கு நடக்கிறார்களோ அந்த நிலமே மகாராட்டிரம் என்னும் புதிய வரையறை தமக்குக் கிடைத்தது என்பது அவர் கண்ட முடிவு. அதே கட்டுரையில், சேர்ந்து நடந்தவர்கள் சாதிக்கொரு குழுவாகப் பிரிந்து நடந்ததையும் உண்டதையும் அவர் மறைக்கவில்லை. நடை மொழியினரை ஒன்றுசேர்க்கும். ஆனால் வேற்றுமைகளைத் தானாகக் கரைத்துவிடாது. தமிழர் நடைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

தமிழர் நடை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதும் அன்று. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கிறித்துவர் பல ஊர்களிலிருந்தும் நடந்து செல்கின்றனர். நாகூர்க் கந்தூரியில் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்கு ஊர்வலமாக வருகிறது. அந்த நாகூர் ஆண்டவரின் நினைவிடம் சிங்கப்பூரில் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1828–1830 காலத்தில் எழுப்பப்பட்டது. எந்தச் சமயத்து மாணவரும் தம் குடும்பத்தில் நடந்தவர் ஒருவரையேனும் கண்டறிய முடியும்.

7. மறுப்பும் தடையும்

இந்த நடையை மறுத்தோரும் சிங்கப்பூர்த் தமிழ் வரலாற்றின் மதிப்புக்குரிய பகுதி. 1929இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அலகு குத்துதலும் காவடியும் தீமிதியும் தமிழரின் மதிப்பைக் குறைப்பவை என்பது சீர்திருத்தக்காரரின் வாதம். அச்சங்கத்தின் குரலாக 1935இல் தமிழ் முரசு பிறந்தது. தமிழவேள் கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளை முன்னெடுத்தார். சமய வேறுபாடின்றித் தமிழர் எல்லாரும் கூடும் விழா வேண்டும் என்று அவர் கருதினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டிப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் தேடியபோது, உழைப்பாளர் பலர் தம் சிறு வருவாயிலிருந்து கொடுத்தனர்.

காவடி எடுத்தவரும் காவடியை எதிர்த்தவரும் ஒருவரோடொருவர் தமிழிலேயே வாதிட்டனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். தை மாதத்தில் ஒருசாரார் பூசத்துக்கு நடந்தனர். மற்றொரு சாரார் தமிழர் திருநாள் மேடைக்கு வந்தனர். இரண்டுக்கும் சென்றவரும் உண்டு. இரண்டுமே வீட்டுக்கும் வகுப்பறைக்கும் வெளியே தமிழ் பெருந்திரளில் வழங்கிய இடங்கள்.

அரசு விதிகளும் நடையை மாற்றின. 1968இல் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தைப்பூசம் விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியது. அதன்பின் நடப்பவர் விடுப்பெடுத்தோ, நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டு விடியலில் முடித்தோ தம் கடனைத் தீர்த்தனர். குழுக்களிடையே எழுந்த சச்சரவுகளை முன்னிட்டு 1973இல் ஊர்வல வழியில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. 2016இல் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் உறுமியும் நாதசுரமும் இல்லாத வழியில் எஞ்சி நின்றது மனிதக் குரல். 'வெற்றிவேல்', 'வீரவேல்' என்னும் சொற்களே தாளமாயின.

பெருந்தொற்றின்போது, 2021இலும் 2022இலும், கால்நடை ஊர்வலம் நடைபெறவில்லை. அடியார்கள் முன்பதிவு செய்த நேரத்தில் டேங்க் ரோடு கோயிலுக்குச் சென்று வழிபட்டனர். வழிபாடு நின்றுவிடவில்லை, வழி மட்டும் இல்லாமற்போனது. 2023இல் நடை மீண்டும் தொடங்கியது. வேண்டுதலின் பலன் கோயிலில் கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும், நடந்து சென்றடையாத கோயில் மக்களுக்கு முழுமையாகத் தோன்றவில்லை என்பதை அவ்விரு ஆண்டுகள் உணர்த்தின.

8. வகுப்பறைக்கு

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். கடல் கடந்து வந்தபோது நெடுவழியின் தொலைவு சுருங்கியது, நாள்கள் சுருங்கின, இடைவழி ஊர்கள் மறைந்தன. சுருங்காமல் நின்றவை இரண்டு: துணையும் சொல்லும். அவற்றுள் துணைக்கு இன்று குறைவில்லை. சொல்லுக்குத்தான் ஆபத்து.

2020ஆம் ஆண்டுக் குடிமக்கள் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். பத்தாண்டுக்கு முன்பு அது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக இருந்தது. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று, பள்ளியில் கற்பிக்கப்படுகிறது, தேர்வு உண்டு. ஆயினும் மொழி உயிரோடு இருக்க, அது செயலோடு சேர்ந்து வழங்கும் இடங்களும் வேண்டும். சமையலறை அத்தகைய இடம். கடைத்தெரு அத்தகைய இடம். சிராங்கூன் சாலை நடையும் அத்தகைய இடமே. நடப்போரின் பிள்ளைகள் அலகையும் முக்காலியையும் பந்தலையும் ஆங்கிலத்தால் மட்டுமே சுட்டப் பழகினால், நடை தொடரும்; ஆனால் அதற்குள் இருந்த பழனியும் உப்பு வழியும் பாணரின் காவும் அவர்களுக்குக் கேட்காமற்போகும். சொல் போனபின் நான்கு கிலோமீட்டர் வெறும் நான்கு கிலோமீட்டராகவே இருக்கும்.

எனவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, உயர்நிலை மாணவர்களைக் கொண்டு 'வழிநடைச் சொற்கோவை' ஒன்றைத் தொகுக்கச் செய்யுங்கள். நடந்தோரையும், உடன் சென்றோரையும், பந்தலில் நீர் வழங்கினோரையும் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளட்டும். அகராதியில் இல்லாத சொல் கிடைத்தால் அதைத் திருத்தாமல் பதிவு செய்யட்டும். இரண்டாவது, ஆற்றுப்படையைக் கற்பிக்கும்போது, மாணவரைத் தம் வீட்டிலிருந்து பள்ளி வரையிலான வழியை மற்றொருவருக்குத் தமிழில் சொல்லி ஆற்றுப்படுத்தச் செய்யுங்கள். இடப்பெயர்களின் மொழியை அவர்களே ஆராயட்டும். மூன்றாவது, நடக்காதவரையும், நடப்பதை ஏற்காதவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் ஏற்கவில்லை என்பதை அவர்கள் தமிழில் எடுத்துரைப்பதும் சாரங்கபாணி காலத்திலிருந்து வரும் நம் மரபே.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பாட்டியோ தாத்தாவோ எங்கேனும் நடந்திருப்பார்கள். கோயிலுக்கோ, தர்காவுக்கோ, தேவாலயத்துக்கோ, வேலை தேடித் துறைமுகத்துக்கோ. எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். கோவலனைப் போல அவர்களும் சற்று நகைத்து, ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதோடு நில்லாமல், யாரோடு நடந்தீர்கள், வழியில் என்ன பேசினீர்கள் என்றும் கேட்டு, அந்த விடையைத் தமிழில் எழுதி வையுங்கள்.